பாஷ் ஸ்கிரிப்டில் பல வரிகளை ஒன்றாக கமென்ட் செய்வது எப்படி?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். மீன் மண்டி ஒன்றில் கணக்கு பார்க்கிறவர். அங்கே ஒரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் தினமும் இரவு, குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் கிரான் மூலம், பாஷ் ஸ்கிரிப்ட் ஒன்று ஓடுகிறது. பாஷ் என்பது நாம் எழுதும் கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல். அன்றைய படகு வரவைக் கூட்டி, படகு உரிமையாளர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்புவது அதன் வேலை. மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியதும் விசைப்படகுக்கான 40 வரிகளை மட்டும் நிறுத்தி வைக்கலாம் என்று, எங்கோ பார்த்தபடி மேலே ஒரு சொல், கீழே அதே சொல் வைத்து அடைத்திருக்கிறார். அப்படியும் அன்று இரவு எல்லோருக்கும் "இன்றைய வரவு 0" என்று செய்தி போய்விட்டது. "கமென்ட் செய்த வரி எப்படி அண்ணா ஓடும்? சி மொழியில் இருக்கிற மாதிரி /* */ பாஷில் கிடையாதா?" என்கிறார்.

கிடையாது தம்பி. பாஷில் கமென்ட் (ஷெல் ஓட்டாமல் விட்டுவிடும் வரி) என்று உண்மையாகவே இருப்பது # ஒன்றுதான். அது அந்த வரியோடு முடிந்துவிடும். பல வரி கமென்ட் என்று ஊரில் சொல்லித் தருவதெல்லாம் வேறு வேலைக்காக இருக்கும் வசதிகளை இதற்குத் திருப்பிக்கொள்வது. அவற்றையும் ஷெல் படிக்கிறது, சிலவற்றைப் படிக்கும்போதே செயல்படுத்தவும் செய்கிறது. உங்கள் செய்தி போனதற்குக் காரணம் அதுதான். எது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிட்டால், எதை எங்கே பயன்படுத்தலாம் என்பது தானாகவே தெளிவாகிவிடும்.

முதலில் /* */ ஏன் இல்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஷெல்லுக்கு நட்சத்திரக் குறி கோப்புப் பெயர்களைத் தேடும் குறி. /* என்று எழுதினால் ரூட் அடைவில் (எல்லாவற்றுக்கும் மேலே இருக்கும் போல்டர்) இருக்கும் எல்லாவற்றின் பெயரும் அந்த இடத்தில் வந்து உட்காரும். */ என்று எழுதினால் இப்போது நிற்கும் இடத்தில் இருக்கும் எல்லா அடைவுகளும் வரும். ஒரு வரியை /* என்று தொடங்கினால், ரூட்டில் முதலில் வரும் பெயரைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு மற்ற பெயர்களை அதற்கு உள்ளீடாகக் கொடுத்து ஓட்டப் பார்க்கும். பெரும்பாலும் "இது அடைவு" என்று சொல்லி நின்றுவிடும். ஷெல்லின் அடிப்படைப் பயன்பாட்டிலேயே இந்தக் குறிகள் இப்படிப் பிணைந்திருப்பதால், அவற்றைக் கமென்டுக்குத் தர வழியே இல்லை.

சரி, நீங்கள் செய்ததற்கு வருவோம். நீங்கள் வைத்தது ஹியர் டாக்குமென்ட் என்ற வசதி. ஒரு கட்டளைக்குப் பல வரி உள்ளீட்டை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிக் கொடுப்பதற்காக வந்தது. << குறிக்குப் பிறகு ஒரு சொல்லைச் சொல்கிறோம். அதே சொல் தனி வரியில் மறுபடி வரும்வரை இருக்கும் எல்லாம் அந்தக் கட்டளைக்கு உள்ளீடாகப் போகும். கட்டளை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் முக்காற்புள்ளி வைத்தால், அது எதையும் செய்யாத கட்டளை. உள்ளீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது, "எல்லாம் சரி" என்று முடிந்துவிடும். ஆகவே இடையில் இருக்கும் வரிகள் கமென்ட் மாதிரியே ஆகிவிடுகின்றன. உங்கள் ஸ்கிரிப்டில் இருந்தது சுமாராக இப்படி:

: <<குறிப்பு
./விசைப்படகு-கூட்டு
பதில்: $(./அனுப்பு)
குறிப்பு

சொல் தமிழில் இருந்தாலும் பாஷ் ஏற்றுக்கொள்ளும். ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதுவது வழக்கம்தானே தவிர விதி ஒன்றும் இல்லை.

இதில் முக்காற்புள்ளி உள்ளீட்டைப் படிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்த உள்ளீட்டைத் தயார் செய்வது பாஷ். தயார் செய்யும்போது டாலர் குறி உள்ள இடங்களை எல்லாம் விரிக்கிறது. மாறிகளின் மதிப்பைப் போடும், கணக்கு இருந்தால் போடும், $( ) உள்ளே கட்டளை இருந்தால் அதை ஓட்டி விடையை வாங்கிப் போடும். பின்சாய்ந்த ஒற்றைக் குறிக்குள் எழுதும் பழைய பாணிக் கட்டளையும் அப்படியே ஓடும். முதல் வரியில் இருக்கும் ./விசைப்படகு-கூட்டு வெறும் எழுத்தாகக் கடந்துபோனது. இரண்டாவது வரியில் இருந்த ./அனுப்பு டாலர் அடைப்புக்குள் இருந்ததால் ஓடியது. கூட்டல் நடக்காமல் அனுப்புதல் மட்டும் நடந்ததால்தான் எல்லோருக்கும் பூஜ்யம் போயிருக்கிறது.

நம்பிக்கை வரவில்லை என்றால் டெர்மினலைத் திறந்து இதை அப்படியே தட்டிப் பாருங்கள்:

: <<முடிவு
$((5/0))
முடிவு

கமென்டுக்குள் இருக்கும் கணக்குக்கு, பூஜ்யத்தால் வகுக்க முடியாது என்று பாஷ் உங்களிடம் புகார் செய்யும். இப்போது முதல் வரியில் இருக்கும் சொல்லை மட்டும் ஒற்றை மேற்கோளில் அடையுங்கள்:

: <<'முடிவு'
$((5/0))
முடிவு

சத்தமே இருக்காது. மேற்கோள் இருந்தால் "உள்ளே எதையும் விரிக்காதே, எழுத்தை எழுத்தாகவே விடு" என்று பொருள். கீழே மூடும் சொல்லுக்கு மேற்கோள் போடக்கூடாது. மேலே மட்டும்தான். இந்த இரண்டு சின்னக் குறிகள் இல்லாத ஹியர் டாக் கமென்டை நான் எங்கே பார்த்தாலும் திருத்திவிடுவேன். உள்ளே டாலர் குறியே இல்லையே என்றாலும் விடமாட்டேன், ஏனென்றால் நாளைக்கு வேறொருவர் அந்த இடத்தில் ஒரு வரி சேர்ப்பார். கோப்பை அழிக்கும் கட்டளை ஒன்று $( ) உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். குறுஞ்செய்தியோடு போனது நல்லதுதான்.

மேற்கோள் போட்ட பிறகும் ஹியர் டாக்கில் கவனிக்க வேண்டியவை இருக்கின்றன. அதிகம் பேர் மாட்டிக்கொள்வது மூடும் சொல்லில். அது வரியின் முதல் எழுத்திலிருந்து தொடங்க வேண்டும், அதற்குப் பின்னால் ஒரு ஸ்பேஸ்கூட இருக்கக் கூடாது. இருந்தால் பாஷ் அதை மூடும் சொல்லாக மதிக்காது, தேடிக்கொண்டே கோப்பின் கடைசிவரை போய்விடும். அதாவது அங்கிருந்து கீழே இருக்கும் அத்தனை வரியும் கமென்ட் ஆகிவிடும். ஓர் எச்சரிக்கை வரும், ஆனால் ஸ்கிரிப்ட் தோல்வி என்று சொல்லாது. வெளியேறும்போது 0 தான் தரும். இரவில் கிரான் ஓட்டும் ஸ்கிரிப்டில் அந்த எச்சரிக்கையை யார் படிப்பது? மெயில் அமைத்திருந்தால் மெயிலில் வரும், இல்லையென்றால் காற்றோடு போய்விடும். நாட்டுப்படகுக் கணக்கு உங்கள் ஸ்கிரிப்டின் பின்பாதியில் இருந்தால், அதுவும் சத்தமில்லாமல் நின்றிருக்கும்.

வரிகளை உள்ளே தள்ளி எழுதும் பழக்கம் இருந்தால் <<- என்று ஒரு கோடு சேர்க்கலாம். அப்போது வரியின் தொடக்கத்தில் இருக்கும் டேப்களை பாஷ் நீக்கிவிடும். டேப் மட்டும்தான், ஸ்பேஸ் அல்ல. இப்போதைய எடிட்டர்கள் பலவும் டேப் தட்டினால் ஸ்பேஸ்களாக மாற்றிப் போடுகின்றன, ஆகவே இதை நான் நம்புவதில்லை.

தமிழ்ச் சொல்லை வைப்பவர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மேலே உள்ள சொல்லும் கீழே உள்ள சொல்லும் கண்ணுக்கு ஒன்றாக இருந்தால் போதாது, பைட்டுக்கு பைட் ஒன்றாக இருக்க வேண்டும். யூனிகோடில் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகளை இரண்டு விதமாக எழுதலாம். கொம்பும் காலும் சேர்ந்த ஒரே குறியீடாகவும் எழுதலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். திரையில் துளி வித்தியாசம் தெரியாது. ஒரு சொல்லை ஒரு கீபோர்டு மென்பொருளிலும் மற்றதை வேறொன்றிலும் தட்டியிருந்தால், "தொகுப்பு" என்ற சொல் "தொகுப்பு" என்ற சொல்லோடு பொருந்தாமல் போகலாம். பாஷ் கோப்பின் கடைசிவரை ஓடிவிடும், நீங்கள் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தாலும் பிழை தெரியாது. குறிப்பு, முடிவு மாதிரி இந்த எழுத்துகள் வராத சொல்லாகப் பார்த்து வையுங்கள், அல்லது மேலே இருப்பதை நகலெடுத்துக் கீழே ஒட்டுங்கள். நான் இங்கே காட்டும் தமிழ்ச் சொற்கள் பாஷுக்கு மட்டும் என்பதும் நினைவில் இருக்கட்டும். டெபியன், உபுண்டு இரண்டிலும் 'எஸ்எச்' என்ற பெயரில் இருப்பது பாஷ் இல்லை, டாஷ் என்ற சிறிய ஷெல். ஸ்கிரிப்டின் முதல் வரி எந்த ஷெல்லைக் கூப்பிடுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சிக்கல் பலருக்கும் தெரியாது. பாஷ் 5.1 வரும்வரை, ஹியர் டாக்கின் உள்ளடக்கத்தை பாஷ் ஒரு தற்காலிகக் கோப்பாக டிஸ்கில் எழுதித்தான் கட்டளைக்குக் கொடுத்தது. கமென்டாகப் பயன்படுத்தினாலும் அதே வழிதான். டிஸ்க் நிரம்பி ஒரு பைட் இடம்கூட இல்லாத கம்ப்யூட்டரில், தற்காலிகக் கோப்பு உருவாக்க முடியவில்லை என்று அந்தக் கமென்ட் தோற்கும். தவறு வந்தால் உடனே நிற்கும்படி ஸ்கிரிப்டை அமைத்திருந்தால், ஒரு கமென்டால் ஸ்கிரிப்ட் நின்றுபோகும். 5.1 பதிப்பிலிருந்து உள்ளடக்கம் சிறியதாக இருந்தால் டிஸ்கைத் தொடாமல் பைப் வழியாகப் போகிறது. உபுண்டு 20.04-இல் வந்தது 5.0. மண்டிகளிலும் கடைகளிலும் ஒரு முறை போட்ட லினக்ஸை ஐந்தாறு வருஷம் தொடாமல் ஓட்டுவது சாதாரணம் என்பதால் இதைச் சொல்கிறேன்.

இதே வேலைக்கு இன்னொரு குறுக்குவழி சொல்வார்கள். முக்காற்புள்ளி, ஒரு ஸ்பேஸ், ஒற்றை மேற்கோள், பிறகு வேண்டாத வரிகள், கடைசியில் மூடும் மேற்கோள். பார்க்க அழகாக இருக்கும். உள்ளே எங்காவது ஒற்றை மேற்கோள் வந்துவிட்டால் அதோடு கதை மாறிவிடும். இதைப் பாருங்கள்:

: '
./தலைப்பு 'வரவு > செலவு'
'

எழுதியவர் மனதில் முழுவதும் கமென்ட். பாஷுக்கு முதல் மேற்கோள் "வரவு" என்பதற்கு முன்னாலேயே மூடிவிட்டது. அதற்குப் பின் வரும் > குறி வெளியே, உயிரோடு நிற்கிறது. விடையைக் கோப்பில் எழுது என்று அதற்கு அர்த்தம். "செலவு" என்று தொடங்கும் பெயரில் ஒரு வெற்றுக் கோப்பு அடைவில் முளைத்திருக்கும், பெயரின் கடைசியில் ஒரு வரி முறிவோடு. அதை அழிக்கவும் கொஞ்சம் பாடுபட வேண்டும். ஆக் (awk) போன்ற கட்டளைகள் இருக்கும் ஸ்கிரிப்டில் ஒற்றை மேற்கோள் இல்லாத பத்து வரி கிடைப்பதே அரிது. இந்த வழியை விட்டுவிடுங்கள்.

உரையாக எழுத வேண்டிய விளக்கங்களுக்கு, இந்த ஸ்கிரிப்ட் என்ன செய்கிறது, ஏன் இப்படிச் செய்கிறது, யாரிடம் கேட்க வேண்டும் என்பவற்றுக்கு எல்லாம், வரிக்கு வரி # போடுவதுதான் சரி. கை வலிக்குமே என்று யாரும் பயப்பட வேண்டாம், எடிட்டர் பார்த்துக்கொள்ளும். விஎஸ் கோடில் வரிகளைத் தேர்ந்தெடுத்து கண்ட்ரோலும் சாய்கோடும் சேர்த்து அழுத்தினால் எல்லா வரிக்கும் # வந்துவிடும், மறுபடி அழுத்தினால் போய்விடும். ஜீனியில் கண்ட்ரோல் ஈ. நானோவில் தேர்ந்தெடுத்துவிட்டு ஆல்ட் 3. விம்மில் முதல் வரியின் தொடக்கத்தில் நின்று கண்ட்ரோல் வி அழுத்தி, கீழ்நோக்கி வேண்டிய வரிவரை இறங்கி, பெரிய ஐ, பிறகு #, பிறகு எஸ்கேப். எஸ்கேப் அழுத்தும்வரை முதல் வரியில் மட்டும்தான் தெரியும். அழுத்தியதும் எல்லா வரியிலும் வந்துவிடும். # போட்ட வரிக்குள் டாலர், மேற்கோள், அடைப்பு எது இருந்தாலும் பாஷ் திரும்பிப் பார்க்காது. உங்கள் 40 வரிக்கும் இப்படிச் செய்திருந்தால் அன்று இரவு ஒரு செய்தியும் போயிருக்காது. அப்புறம், தூரத்திலிருந்து பார்த்தாலே இது அணைத்துவைத்த பகுதி என்று தெரியும். ஹியர் டாக்கில் அந்த வசதி இல்லை. 40 வரிக்கு நடுவில் ஸ்க்ரோல் செய்து வந்து நிற்பவருக்கு, மேலே ஒரு திறப்பும் கீழே ஒரு மூடலும் இருப்பது தெரியவே தெரியாது.

# பற்றியும் சில விஷயங்கள். முதல் வரியில் #! என்று தொடங்குவது பாஷுக்குக் கமென்ட், லினக்ஸ் கெர்னலுக்கு உத்தரவு. அது கோப்பின் முதல் இரண்டு பைட்டாகவே இருக்க வேண்டும். அதற்கு மேலே உங்கள் பெயர், தேதி என்று விளக்கம் எழுதினால் அந்த உத்தரவு வேலை செய்யாது. விண்டோஸில் திறந்து பிஓஎம் என்ற மூன்று பைட் முத்திரையோடு சேமித்தாலும் அதே கதிதான். இன்னொன்று, # ஒரு சொல்லின் தொடக்கத்தில் வந்தால்தான் கமென்ட். "படகு#7" என்று ஒட்டி எழுதினால் அது வெறும் பெயர்.

கடைசியில் பின்சாய்கோடு போட்டு அடுத்த வரிக்குத் தொடரும் நீளமான கட்டளைகளில் # போடுவதுதான் உண்மையில் வில்லங்கமானது. கட்டளை ஐந்து வரிக்கு ஓடுகிறது, நடுவில் ஒரு விருப்பத்தை மட்டும் அணைக்க வேண்டும் என்று மூன்றாவது வரியின் முன்னால் # போடுவார்கள். # போட்ட வரியின் கடைசியில் இருக்கும் பின்சாய்கோடு தன் சக்தியை இழந்துவிடும். கட்டளை அங்கேயே முடிந்துவிடும். நான்காவது வரி தனிக் கட்டளையாக ஓடப் பார்க்கும். பாதி விருப்பங்களோடு ஒரு பேக்கப் கட்டளை ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இப்படிப்பட்ட கட்டளைகளுக்கு விருப்பங்களை ஓர் அரேயில் (பல மதிப்புகளை வரிசையாக வைக்கும் பட்டியல்) வரிக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். அரேயின் வளைவு அடைப்புக்குள் பின்சாய்கோடு தேவையில்லை, எந்த வரியின் முன்னாலும் தாராளமாக # போடலாம், ஒவ்வொரு விருப்பத்துக்கும் பக்கத்திலேயே ஏன் என்று எழுதவும் செய்யலாம்.

இப்போது உங்கள் உண்மையான தேவைக்கு வருகிறேன். கிழக்குக் கரையில் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். அந்த நாட்களில் விசைப்படகு கடலுக்குப் போகாது, நாட்டுப்படகு வரவு இருக்கும். இது இந்த வருஷத்தோடு முடிகிற விஷயம் இல்லை. ஒவ்வொரு ஏப்ரலிலும் யாராவது ஞாபகமாக வந்து 40 வரியை கமென்ட் செய்து, ஜூனில் ஞாபகமாக எடுக்க வேண்டும் என்றால், என்றாவது ஒரு ஜூன் 15 அன்று முதல் படகு கரைக்கு வரும்போது கணக்கு நின்றே கிடக்கும். தடை முடிந்த முதல் நாள் முதுநகர் துறைமுகத்திலும் சரி, இங்கே புதுச்சேரியில் எங்கள் தேங்காய்த்திட்டிலும் சரி, எவ்வளவு கூட்டம் இருக்கும் என்பது உங்களுக்கே தெரியும். அன்றைக்குக் கணக்கு தவறக் கூடாது. வருஷா வருஷம் அணைத்து ஏற்றும் பகுதிக்கு நிபந்தனைதான் சரி. கமென்ட் அந்த வேலைக்கு ஆகாது.

எளிய வடிவம் இது:

((0)) && {
./விசைப்படகு-கூட்டு
./அனுப்பு
}

0 இருந்தால் உள்ளே இருப்பது ஓடாது, 1 ஆக்கினால் ஓடும். இஃப் ஃபால்ஸ் என்று எழுதுவதும் இதேதான். ஹியர் டாக்கைவிட இது மேல், ஏனென்றால் உள்ளே இருக்கும் வரிகளின் இலக்கணத்தை பாஷ் சரிபார்க்கிறது. அடைப்பு விட்டுப்போயிருந்தால் ஏப்ரலிலேயே சொல்லிவிடும், ஜூன்வரை காத்திருக்காது. ஆனால் அதே காரணத்தால் உள்ளே சாதாரணத் தமிழ் உரையை எழுத முடியாது.

அந்த 0, 1-ஐயும் கையால் மாற்றாமல் தேதியைப் பார்த்து ஸ்கிரிப்டே முடிவெடுக்கும்படி செய்யலாம். பாஷில் ஃபங்ஷனுக்குத் தமிழிலும் பெயர் வைக்கலாம்:

# தடைக்காலம்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, கிழக்குக் கரை.
# விசைப்படகுக்கு மட்டும். நாட்டுப்படகுக் கணக்கு வழக்கம்போல் ஓடும்.
# தேதி மாறினால் கீழே உள்ள 415, 614 இரண்டை மட்டும் திருத்தவும்.
தடைக்காலமா() {
  ((10#$1 >= 415 && 10#$1 <= 614))
}

தடைக்காலமா 0418 || {
./விசைப்படகு-கூட்டு
./அனுப்பு
}

0418 என்று நான் எழுதியிருக்கும் இடத்தில், டேட் கட்டளையை $( ) உள்ளே வைத்து மாதத்தையும் நாளையும் நாலு இலக்கமாக வாங்கிப் போடுங்கள். வடிவம் கேட்கும்போது கூட்டல் குறி, சதவீதக் குறியோடு சின்ன எம், சதவீதக் குறியோடு சின்ன டி. இதை ஸ்கிரிப்டுக்குள்தான் எழுத வேண்டும். கிரான் அட்டவணை வரியிலேயே எழுதினால் அங்கே சதவீதக் குறி வரி முறிவாக மாறிவிடும்.

அந்த 10# என்ன என்று கேட்பீர்கள். கமென்ட் இல்லை. சொல்லின் நடுவில் வந்திருக்கிறது பாருங்கள். "இந்த எண்ணைப் பத்தின் அடிமானத்தில் படி" என்று அதற்குப் பொருள். அது இல்லாவிட்டால், பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை பாஷ் எட்டின் அடிமானத்தில் படிக்கும். எட்டின் அடிமானத்தில் 8, 9 என்ற இலக்கங்களே கிடையாது. ஏப்ரல் 15, 16, 17 மூன்று நாளும் பிழைச் செய்தி வராது, ஆனால் 0415 என்பதை 269 என்று படித்துவிடுவதால் 415-ஐ எட்டாது, தடைக்காலம் இல்லை என்று எடுத்துக்கொண்டு செய்தியை அனுப்பிவிடும். 18-ஆம் தேதி 0418 என்று வந்ததும் பிழையும் காட்டும், நிபந்தனை பொய்யாகிவிடும், செய்தி அப்போதும் போய்விடும். பிழைச் செய்தி இல்லையே, "சரியாக ஓடுகிறது" என்று திரும்பியவருக்கு முதல் நாளே போன் வரும். டெர்மினலில் ((0418)) என்று தட்டி அந்தப் பிழையை நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் மண்டிக்கு மாஹேயோடு வியாபாரம் இருந்தால் இன்னொரு நிபந்தனை வேண்டும். புதுச்சேரி அரசின் கீழ் இருந்தாலும் மாஹே மேற்குக் கரை, அங்கே தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. தேதிகளை 40 வரிக்குள் புதைக்காமல் மேலே ஒரே இடத்தில் விளக்கத்தோடு வைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

அப்படியானால் மேற்கோள் போட்ட ஹியர் டாக்குக்கு வேலையே இல்லையா என்றால், உண்டு. பிழை தேடும்போது, "இந்தப் பகுதி இல்லாமல் ஓடுகிறதா" என்று ஒரு பத்து நிமிஷம் பார்க்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். பார்த்து முடித்ததும் எடுத்துவிடுவேன். இனி எப்போதும் வேண்டாம் என்ற பகுதியை எந்த விதத்திலும் கமென்ட் செய்து வைக்காதீர்கள், அழித்துவிடுங்கள். கிட் (git) என்ற, ஒவ்வொரு மாற்றத்தையும் சேமித்து வைக்கும் மென்பொருளில் போட்டு வைத்திருந்தால் பழைய வரிகள் அங்கே பத்திரமாக இருக்கும், தேவைப்படும்போது தேதியோடு எடுக்கலாம். ஒரு ஸ்கிரிப்டைக் கையிலெடுக்கும் புது ஆளுக்கு, கமென்ட் செய்யப்பட்ட பழைய கட்டளைகள் வேண்டுமா வேண்டாமா என்று தெரியாது. பயத்தில் தொடமாட்டார், அவை அப்படியே வருஷக்கணக்கில் கிடக்கும்.

சி மொழியைக் கேட்டதால், மற்ற மொழிகளில் எப்படி என்றும் சுருக்கமாகச் சொல்கிறேன். பவர்ஷெல்லில் <# #> இருக்கிறது, உண்மையான பல வரி கமென்ட். லுவாவில் --[[ என்று தொடங்கி ]] என்று முடிக்கலாம். உள்ளே அதே குறி வந்தால் நடுவில் சமக்குறி சேர்த்து --[==[ ]==] என்று எழுதிக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடு. ரூபியிலும் பெர்லிலும் வரியின் முதல் எழுத்தாகச் சமக்குறி வைத்துத் தொடங்கும் வழி உண்டு. பைதானில் மூன்று மேற்கோள் போடுவதைப் பலரும் கமென்ட் என்றே நினைக்கிறார்கள். அது யாருக்கும் கொடுக்கப்படாத ஒரு சரம். பைதான் அதைப் படித்துவிட்டு எறிகிறது, அவ்வளவுதான். படிக்கும்போது பின்சாய்கோடுகளுக்குப் பொருள் பார்க்கும். சி டிரைவில் தொடங்கி யூசர்ஸ் என்று போகும் விண்டோஸ் பாதை ஒன்று உள்ளே இருந்தால், அந்தப் பெரிய யூ எழுத்தை யூனிகோடு குறியீடு என்று நினைத்து இலக்கணப் பிழை காட்டி முழு ஸ்கிரிப்டையும் நிறுத்திவிடும். பைதானிலும் வரிகளை அணைக்க # தான்.

உங்கள் கோப்பில் இன்றைக்குச் செய்ய வேண்டியது: முதலில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். நீங்கள் வைத்த அந்த இரண்டு சொல் வரிகளையும் நீக்கிவிட்டு, மேலே கொடுத்த நிபந்தனைக்குள் 40 வரிகளையும் கொண்டுவாருங்கள். பாஷைக் கோடு சின்ன என் என்ற விருப்பத்தோடு கூப்பிட்டு ஸ்கிரிப்டின் பெயரைக் கொடுத்தால், எதையும் ஓட்டாமல் இலக்கணத்தை மட்டும் பார்த்துச் சொல்லும். மூடாமல் விட்ட ஹியர் டாக்கையும் காட்டிக் கொடுக்கும். ஷெல்செக் என்ற இலவசக் கருவியை நிறுவினால் இன்னும் விவரமாகச் சொல்லும். பிறகு ./அனுப்பு என்பது உங்கள் எண்ணுக்கு மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றிக்கொண்டு, டேட் விடை இருக்கும் இடத்தில் 0414, 0415, 0418, 0509, 0614, 0615 என்று ஒவ்வொன்றாகக் கையால் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். முதலாவதற்கும் கடைசிக்கும் மட்டும் செய்தி வர வேண்டும். நடுவில் உள்ள நான்கில் ஏதாவது ஒன்றுக்கு வந்தால், 10# விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.